கடல்நீர் மீன்தொட்டியும் அதன் எளிய பராமரிப்பும்

அந்தமான் தீவுகளுக்கு உறவினரைக் காண வரும் தமிழன்பர்கள் ஊர் திரும்பும்போது ஒரு கேள்வியைக் கேட்காமல் கப்பலேறுவதில்லை. கண்ணாடி அடித்தளம் வைத்த படகிலே சென்று, வண்டூர் அருகிலுள்ள ஜாலி பாய்த் தீவின் பவளப்பாறைகளுக்கிடையே நீந்தும் மீன்களைக் கண்டவர்கள் அவர்கள். "இந்த மீன்களில் இரண்டை எங்கள் வீட்டுத் தொட்டியில் வளர்க்க இயலாதா? அதற்கு வேலை மிகுதியோ?" என்பதே அக்கேள்வி. தீவிலேயே குடியேறி வாழும் நமக்கும் அவ்வாசை உண்டு. வாசலிலிருந்து பார்த்தால் கடல் தெரிகிறது. அதில் ஒரு சிறு பகுதி கூடத்தில் இருந்தால் என்ன என்று தோன்றுவது இயற்கையே.

இயலும் என்பதே விடை. நாள்தோறும் சில நிமிடங்களும், பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை அரைமணி நேரமும் போதும். ஆயினும் இவ்விடையோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்தே வருகிறது. பின்னர் உழைப்புக் குறைய வேண்டுமாயின், தொடக்கத்தில் பொறுமை மிக வேண்டும். அப்பொறுமை இல்லாதவர் தொட்டியில் மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக மடியும். மடிந்தவற்றுக்கு ஈடாகக் கடலிலிருந்து மேலும் மீன்கள் பிடிக்கப்படும். ஆகவே இதனை வீட்டு அலங்காரத்தைப் பற்றிய செய்தியாக மட்டும் நேயர்கள் கொள்ளலாகாது.

பழைய வரலாறு ஒன்று

கண்ணாடித் தொட்டியில் நீர்வாழ் உயிர்களை நெடுநாள் காக்கும் முறை ஏறக்குறைய நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்திலே உருவாயிற்று. 1850-இல் ராபர்ட் வாரிங்டன் என்னும் ரசாயன அறிஞர், மீனும் நீர்ச்செடியும் நத்தையும் ஒரே தொட்டியில் ஒன்றையொன்று தாங்கி வாழக்கூடும் என்று காட்டினார். மீன் வெளிவிடும் கரியமில வாயுவைச் செடி ஏற்றுப் பிராணவாயுவைத் தருகிறது. அழுகும் இலையை நத்தை உண்கிறது. 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கென மீன் கூடம் ஒன்று திறக்கப்பட்டது. மறு ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கை நூல் அறிஞர் கடல்நீர்த் தொட்டியைப் பற்றி எழுதிய நூல் நாடெங்கும் பெருவிருப்பத்தைக் கிளப்பிற்று.

அதன் விளைவு என்ன? கடற்கரைப் பாறைக்குழிகளில் இருந்த கடற்சாமந்திகளையும் நண்டுகளையும் பாசிகளையும் மக்கள் கூட்டங்கூட்டமாகச் சென்று பெயர்த்து எடுத்தனர். வீட்டுக்குக் கொண்டுவந்தவற்றுள் பெரும்பாலானவை சில நாட்களில் அழுகின. காஸின் மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் வெளியிட்ட தம் வாழ்க்கை நூலில், தந்தை விரும்பிய அந்தக் கரையே அவருடைய நூலால் சூறையாடப்பட்டதை வருத்தத்துடன் குறிப்பிட்டிருக்கிறார். இயற்கையை நேசித்தவர் எழுதிய நூல் இயற்கையின் அழிவுக்குக் காரணமாயிற்று. தீவில் வாழும் நாம் மறக்கக்கூடாத வரலாறு இது.

நம் தமிழ்நாட்டுக்கும் இத்துறையில் பழமையான தொடர்பு உண்டு. 1909-இல் சென்னை மெரீனாக் கடற்கரையில் கடல் மீன் காட்சிச்சாலை ஒன்று திறக்கப்பட்டது. பம்பாயில் தாராப்பூர்வாலா மீன் காட்சிச்சாலை 1951-இல்தான் வந்தது என்பதை நோக்கினால் சென்னையின் முயற்சி எத்துணை முந்தியது என்பது விளங்கும்.

உப்பு நீர் வேறு, கடல்நீர் வேறு

சமையல் உப்பைக் குடிநீரில் கரைத்தால் கடல்நீராகிவிடும் என்று எண்ணுவோர் உண்டு. அது தவறு. கடலில் கரைந்துள்ள உப்புக்களில் ஏறத்தாழ 85 விழுக்காடு சமையல் உப்பின் கூறுகளான சோடியமும் குளோரினும் ஆகும். எஞ்சிய 15 விழுக்காட்டில் மக்னீசியம், கந்தகச் சேர்மங்கள், கால்சியம், பொட்டாசியம் முதலியன அடங்கியுள்ளன. மீனின் உடலுக்கும் சிப்பியின் ஓட்டுக்கும் இவை இன்றியமையாதவை. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சாலஞ்சர் என்னும் ஆய்வுக் கப்பல் பல கடல்களிலிருந்து நீர் கொணர்ந்தது. அதில் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்பவர் ஆராய்ந்து 1884-இல் முடிவை வெளியிட்டார். உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் மாறினும், உப்புக்கள் தமக்குள் கொண்டுள்ள விகிதம் மாறுவதில்லை என்பதே அம்முடிவு. அவ்விகிதத்தில் கலந்து விற்கப்படும் உப்புத்தூளையே வெளியூர்த் தொட்டிகளில் பயன்படுத்துகிறோம்.

பொதுவாக 1 லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. ஐராவதி ஆறு கொண்டுவரும் நன்னீராலும் மிகுந்த மழையாலும் அந்தமான் கடலின் மேற்பரப்பில் இவ்வளவு சற்றுக் குறைவு. தொட்டி நீரின் உப்பை அளப்பதற்குத் திரவமானி என்னும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. தூய நீரை 1 என்று கொண்டால், தொட்டி நீரின் அடர்த்தி 1.023-க்கும் 1.026-க்கும் இடையில் நிற்க வேண்டும். மற்றக் கருவிகள் இல்லாவிடினும் இக்கருவி இல்லாமல் தொட்டி வைத்தலாகாது.

ஏன் எனில், தொட்டியிலிருந்து ஆவியாகிச் செல்வது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடுகிறது. 100 லிட்டர்த் தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு 1 லிட்டர் நீர் ஆவியாகிறது என்று கொள்வோம். பத்து நாட்கள் கவனியாமல் விட்டால், 35 கிராமாக இருந்த உப்பு லிட்டருக்கு ஏறக்குறைய 39 கிராமாகும். மீன் தன் உடல் நீரை இழந்து தவிக்கும். குறைந்த நீரை ஈடுசெய்ய உப்பு நீரை ஊற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். ஆவியாகிய நீருக்கு ஈடாக நன்னீரையே ஊற்ற வேண்டும். தொட்டியின் பக்கத்தில் நீர்மட்டத்தைக் குறித்து ஒரு கோடு இழுத்து, நாள்தோறும் அக்கோடுவரை நன்னீர் நிரப்பி வந்தால் பெரும்பாலான துன்பங்கள் நீங்கிவிடும்.

கண்ணுக்குப் புலப்படாத பணியாளர்

மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும், எஞ்சிய தீனி அழுகுவதிலிருந்தும் அம்மோனியா தோன்றுகிறது. இது கொடிய நஞ்சு. பெருங்கடலில் அது உடனே கலைந்துவிடும். தொட்டியிலோ போக்கிடம் இல்லை. ஆனால் நீருக்குள் வாழும் ஒருவகைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. மற்றொரு வகைப் பாக்டீரியாக்கள் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டு அளவோடு இருந்தால் மீன் பொறுத்துக்கொள்ளும். நாம் அவ்வப்போது நீரில் ஒரு பகுதியை மாற்றி அதனை வெளியேற்றலாம்.

வீட்டுக்காரர் உறங்கும்போதும் ஊருக்குச் சென்றிருக்கும்போதும் ஊதியமின்றி உழைப்பவை இப்பாக்டீரியாக்களே. எளிய பராமரிப்பு என்பதன் முழு இரகசியமும் இவற்றுக்கு இடமும் காலமும் அளிப்பதில் அடங்கியுள்ளது. இவை நீரில் மிதந்து வாழ்வதைக் காட்டிலும் கல், மணல், பஞ்சு முதலியவற்றின் மேல் ஒட்டியே பெருகும். அவ்வாறு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும்.

ஆகையால் தொட்டியில் நீரும் கல்லும் இட்டு, பம்பை ஓடவிட்டு, மீன் ஒன்றும் விடாமல், தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியை மட்டும் தூவி வர வேண்டும். அத்தீனி அழுகி அம்மோனியாவைத் தரும். அதனை உண்டு பாக்டீரியாக்கள் பெருகும். சொட்டு மருந்தால் நீரைச் சோதிக்கும் சிறு பெட்டிகள் மீன் கடைகளில் உண்டு. தீனி இட்ட பின்னும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று சோதனை காட்டி, நைட்ரேட்டு மட்டும் தோன்றினால், தொட்டி தயார் என்று கொள்ளலாம். நீர் தெளிவாக இருப்பதைக் கண்டு இரண்டாம் நாளே மீனை விடுவோர் பலர். நஞ்சு கண்ணுக்குத் தெரிவதில்லை. முதல் மாதத்தில் மீன்கள் மடிவதற்குப் பெரும்பாலும் இந்த அவசரமே காரணம்.

எளிய வழியும் அதற்கு உள்ள தடையும்

1961-இல் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் தம் அனுபவத்தை ஒரு மீன் வளர்ப்பு இதழில் எழுதினார். கடலடியிலிருந்து உயிர்கள் ஒட்டிய பாறைத் துண்டுகளைக் கொணர்ந்து தொட்டியில் இட்டு, சிறிது காற்றுக் குமிழியை மட்டும் விட்டார். பாறையின் நுண்துளைகளில் ஏற்கெனவே குடியிருந்த பாக்டீரியாக்களும் சிற்றுயிர்களும் நீரைத் தூய்மை செய்தன. உலகெங்கும் மீன் வளர்ப்போர் பின்னர் இம்முறையைப் பின்பற்றினர். உழைப்புக் குறைந்த முறைகளுள் இது சிறந்தது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்தப் பாறை என்பது பவளத்தின் எலும்புக்கூடே. இந்தியாவில் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டது. கல் பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறி, கடற்குதிரை முதலியனவும் 2001-இல் அதன் பாதுகாப்பில் கொண்டுவரப்பட்டன. ஆகையால் பவளத் துண்டு உயிருள்ளதாயினும் உயிரற்றதாயினும் கரையிலிருந்து எடுத்துவருவது குற்றமாகும். விமான நிலையத்திலும் துறைமுகத்திலும் பயணிகளின் பெட்டிகளில் இவை அகப்படுவதுண்டு. "கரையில் ஒதுங்கிக் கிடந்ததுதானே" என்னும் விடை அங்கே செல்லாது. சட்டம் ஒருபுறம் இருக்க, ஒதுங்கிய பவளத்துக்கும் கரையில் வேலை உண்டு. அது நொறுங்கி மணலாகிறது. சிறு நண்டுகளுக்கும் புழுக்களுக்கும் வீடாகிறது. இங்கிலாந்தின் பாறைக்குழிகளுக்கு நேர்ந்தது நம் தீவுக் கரைக்கு நேரலாகாது.

தடை இருப்பதால் வழி அடைபட்டுவிடவில்லை. பாக்டீரியாக்களுக்கு வேண்டுவது பவளம் அன்று; நுண்துளை நிறைந்த பரப்பே. சுட்ட மண்ணாலும் பீங்கானாலும் ஆன செயற்கைக் கற்களும் வளையங்களும் கடைகளில் கிடைக்கின்றன. வர்ணம் பூசாத மண்பூந்தொட்டியும் கூரை ஓட்டுத் துண்டும் அவ்வாறே பயன்படும். நன்றாகக் கழுவிச் சில நாள் நீரில் ஊறவைத்த பின்னர் இவற்றைக் குகைபோல அடுக்கலாம். நெடுநாள் நலமாக நடைபெறும் தொட்டி ஒன்று நண்பர் வீட்டில் இருந்தால், அதன் வடிகட்டியிலுள்ள பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி நம் தொட்டியில் இட வேண்டும். பாலில் உறை ஊற்றுவது போன்றது அது. ஆறு வாரக் காத்திருப்பு அதனால் பெரிதும் குறையும். லீ சின் எங் பெற்ற பயனில் பெரும்பகுதியை ஒரு பவளத்துண்டும் தொடாமல் இவ்வாறு நாம் பெறலாம்.

தொட்டியும் இடமும்

சிறு தொட்டி எளிது என்று நினைப்பது இயல்பு. உண்மை அதற்கு மாறானது. நீர் மிகுதியாக இருந்தால் வெப்பமும் உப்பும் நஞ்சும் மெல்லவே மாறும். நாம் ஒருநாள் மறந்தாலும் கேடு விளையாது. 30 லிட்டர்த் தொட்டியைக் காப்பதைவிட 150 லிட்டர்த் தொட்டியைக் காப்பது எளிது. 90 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் அகலமும் 45 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட தொட்டி ஏறத்தாழ 160 லிட்டர் கொள்ளும். விளிம்புவரை நிரப்பாமல் சிறிது இடம் விட்டால் 150 லிட்டர் ஆகும். நீரும் கல்லும் கண்ணாடியும் சேர்ந்து அதன் எடை 200 கிலோவை நெருங்கும். ஆதலின் உறுதியான தாங்கி தேவை. அந்தமான் நிலநடுக்கம் மிகுந்த பகுதி. 2004 டிசம்பர் 26-ஐ நாம் மறக்கவில்லை. இங்கே தாங்கி தாழ்வாகவும் சுவரோடு பிணைக்கப்பட்டும் இருத்தல் வேண்டும். கட்டிலருகிலும் குழந்தைகள் உறங்கும் இடத்திலும் தொட்டியை வைத்தலாகாது.

வெயில் நேரே படும் சன்னலருகில் வைத்தால் நீர் சூடேறுவதோடு பச்சைப் பாசியும் கண்ணாடியை மூடிவிடும். விளக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். தானே எரிந்து அணையும் கடிகார விசை ஒன்றைப் பொருத்திவிட்டால் அவ்வேலையும் நமக்கில்லை.

நீர் எடுக்கும் முறை

தீவில் வாழ்வோர் கடலிலிருந்தே நீர் எடுக்கலாம். துறைமுகம், சாக்கடை, ஓடை முகம் ஆகியவற்றுக்குத் தொலைவான இடத்தில், ஓதம் ஏறி நிற்கும் வேளையில் எடுத்தல் நன்று. தேசியப் பூங்கா எல்லைக்குள் எதனையும் எடுக்கக்கூடாது. பெருமழைக்குப் பின்னர்ச் சில நாட்களுக்குக் கரையோர நீரில் உப்புக் குறைந்தும் சேறு மிகுந்தும் இருக்கும், அப்போது எடுத்தலாகாது. கொணர்ந்த நீரை மெல்லிய துணியில் வடிகட்டி, மூடிய பிளாஸ்டிக் பாத்திரத்தில் இருட்டில் இரண்டு வாரங்கள் வைத்து, அடியில் படிந்த வண்டலை விடுத்து மேல்நீரை மட்டும் பயன்படுத்த வேண்டும்.

தில்லியிலும் போபாலிலும் நாகபுரியிலும் வாழும் அன்பர்களுக்குக் கடல் தொலைவு. அவர்கள் உப்புத்தூளைக் கரைத்துக்கொள்ள வேண்டும். நகராட்சிக் குழாய் நீரில் குளோரின் கலந்திருப்பதால், அதனை நீக்கும் மருந்தை இட்ட பின்னரே பயன்படுத்தலாம். ஆர்.ஓ. வடிகட்டியின் நீர் இன்னும் நன்று. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை 150 லிட்டரில் 15 லிட்டர் மாற்றுவதற்குச் சுமார் 525 கிராம் உப்பு தேவைப்படும். முதல்நாளே கரைத்து, காற்றுக் குமிழி விட்டுக் கலக்கி வைத்து, மறுநாள் அடர்த்தியை அளந்து ஊற்ற வேண்டும்.

ஆவியாகும் நீருக்கு ஈடாக ஊற்றுவதற்கு மழைநீர் ஏற்றது. அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. எனினும் கோடையில் குழாய் நீருக்குத் தட்டுப்பாடு ஏற்படுவதும் உண்டு. ஆதலின் மழைக்காலத்தில் சேர்த்து வைத்தல் சிக்கனம். இங்கே ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். தீவு வீடுகளுள் பலவற்றுக்கும் தகரக் கூரையே உண்டு. அத்தகரத்தின் மேல் பூசப்பட்ட துத்தநாகம் மழைநீரில் சிறிது கரைகிறது. மனிதருக்குத் தீங்கு செய்யாத அச்சிறு அளவும் இறாலுக்கும் நத்தைக்கும் கேடு விளைக்கும். ஆகவே கூரை நீரைச் சேர்க்காமல், திறந்த வெளியில் பிளாஸ்டிக் விரிப்புக் கட்டி நேரே விழும் மழையைப் பிடிக்க வேண்டும். செப்புக் குடமும் பித்தளைக் குடமும் அறவே ஆகா.

எந்த மீனை வளர்ப்பது?

வண்ணத்துப்பூச்சி மீன் அழகியது. ஆனால் அதன் இனங்களுள் பல பவளப் பூச்சிகளையே உண்பவை. தொட்டியில் பட்டினியால் மடியும். பெரிய மீன்களுக்குத் தொட்டி சிறையாகும். குறைந்த உழைப்பை விரும்புவோருக்கு ஏற்றது கோமாளி மீன். செம்மஞ்சள் உடலில் மூன்று வெண்பட்டைகள் கொண்டது. 2003-இல் வெளியான திரைப்படத்தால் குழந்தைகள் இதனை 'நெமோ' என்றே அழைக்கின்றனர். அந்தமான் கடலிலும் இது உண்டு.

இதன் வாழ்க்கை வியப்பானது. குஞ்சுகள் அனைத்தும் முதலில் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறுகிறது. பெண் மறைந்தால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாகிவிடும். ஆகவே இரண்டு இளம் குஞ்சுகளை ஒன்றாக விட்டால் அவை காலப்போக்கில் இணையாகிவிடும். கடலில் இது கடற்சாமந்தியின் கொடுக்குகளுக்கிடையே வாழ்கிறது. தொட்டியில் கடற்சாமந்தி இல்லாமலும் நலமாக வாழும். கடற்சாமந்திக்கு வலிய ஒளியும் மிகத் தூய நீரும் வேண்டும். அது மடிந்தால் தொட்டி முழுவதும் நஞ்சாகும். அதனை வாங்காமலிருப்பதே எளிமை. மண்பூந்தொட்டி ஒன்றைச் சாய்த்து வைத்தால் கோமாளி மீன்கள் அதனையே வீடாகக் கொண்டு, அதன் சுவரில் முட்டையும் இடும். ஆண் மீன் துடுப்பால் விசிறிக் காத்து நிற்கும்; ஏறக்குறைய ஒரு வாரத்தில் குஞ்சு வெளிவரும். நன்கு பேணினால் பத்தாண்டுக்கு மேலும் இம்மீன் வாழும்.

இம்மீனைக் கடலிலிருந்து பிடிக்க வேண்டிய தேவை இன்று இல்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடலுயிரியல் மையமும் இதனைக் குஞ்சு பொரித்து வளர்க்கும் முறையை உருவாக்கியுள்ளன. பண்ணையில் பிறந்த மீன் முதல்நாள் தொட்டே குருணைத் தீனியை உண்ணும், தொட்டிக்கும் பழகியிருக்கும். கடலில் பிடித்த மீனோ தீனியைத் தொடாமல் நாட்கணக்கில் கிடப்பதுண்டு. கடைக்காரரிடம் விலையைக் கேட்கும் முன்னர், "இது பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடித்ததா?" என்று கேட்க வேண்டும். நம் உழைப்பு குறைவதும் கடலின் இழப்பு குறைவதும் அந்த ஒரு கேள்வியைப் பொறுத்தவை.

150 லிட்டர்த் தொட்டிக்கு ஒரு சோடி கோமாளி மீனும், சிறு மீன் ஒன்றும், தரையைத் துப்புரவு செய்ய இறால் ஒன்றும் போதும். மேலும் ஒன்று என்னும் ஆசையே தொட்டிகளைக் கெடுக்கிறது.

அன்றாட வேலை

நாள்தோறும் ஒருவேளை, இரண்டு நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவே தீனி இடுக. மீன் எப்போதும் பசித்ததுபோலவே முன்வந்து நிற்கும். அதற்கு இரங்கித் தூவும் கூடுதல் தீனியே நஞ்சாக மாறுகிறது. ஊருக்குச் செல்ல நேர்ந்தால், நலமாயுள்ள வளர்ந்த மீன் மூன்று நான்கு நாட்கள் தீனியின்றி இருக்கும். அண்டை வீட்டாரிடம் தீனிப் புட்டியை ஒப்படைப்பதைவிட, அவர்களை நீர்மட்டத்தை மட்டும் கவனிக்கச் சொல்வது நன்று.

வாரத்துக்கு ஒருமுறை கண்ணாடியில் படிந்த பாசியைத் துடைத்து, அடர்த்தியை அளந்து, வெப்பமானியைப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரப்பர்க் குழாயால் அடியிலுள்ள அழுக்கை உறிஞ்சி 15 லிட்டர் நீரை வெளியேற்றிப் புதுநீர் ஊற்ற வேண்டும். வடிகட்டிப் பஞ்சை அந்தப் பழைய நீரிலேயே அலச வேண்டும். குழாயடியில் தேய்த்துக் கழுவினால், மாதக்கணக்கில் வளர்ந்த பாக்டீரியாக்கள் குளோரினால் மடிந்து, தொட்டி மீண்டும் முதல்நாள் நிலைக்குத் திரும்பும். துப்புரவு மிகுதியால் கெட்ட தொட்டிகளும் உண்டு என்பதை இல்லத்தரசிகள் மன்னித்துக் கேட்பார்களாக!

வெப்பம் 25 முதல் 28 பாகைக்குள் இருத்தல் நலம். தில்லியின் குளிர்காலத்தில் வெப்பமூட்டி தேவை. கோடையில் நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறு விசிறியை வீசச் செய்தால் இரண்டு மூன்று பாகை குறையும்; ஆனால் நீர் விரைவில் ஆவியாகும் என்பதால் நன்னீரை மறவாமல் ஊற்ற வேண்டும். மின்விசை நின்றால் மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும். அதுவும் இல்லையேல், தொட்டி நீரையே குவளையால் முகந்து சிறிது உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தால் பிராணவாயு கலக்கும்.

கொசுவை ஒழிக்கத் தெளிக்கும் மருந்து மீனுக்குக் கொடிய நஞ்சு. தொட்டியிருக்கும் அறையில் அதனைத் தெளித்தலாகாது. சோப்பு பட்ட கையை நீரில் விடலாகாது. கடல்நீர் மின்சாரத்தை நன்கு கடத்துமாதலின், கைவிடும் முன்னர் மின் இணைப்புக்களைத் துண்டித்துக்கொள்வது உயிர்க் காப்பு.

இறுதியாக ஓர் எச்சரிக்கை

தொட்டியைத் தொடர்ந்து நடத்த இயலாத நிலை எவருக்கும் வரலாம். பணிமாற்றம் என்பது வெளிமாநிலத் தமிழருக்குப் புதிதன்று. அப்போது மீனைக் கடலில் விட்டுவிடுவது புண்ணியம் என்று தோன்றும். அது பெருந்தீங்காகக்கூடும். நம் கடற்பகுதியைச் சேர்ந்த சிங்கமீன் அட்லாண்டிக் கடலில் முன்பு இருந்ததில்லை. வளர்ப்புத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே காரணம் என்று கருதப்படுகிறது. 1985-இல் அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் காணப்பட்ட அது, பின்னர்க் கரீபியக் கடலெங்கும் பரவி அங்குள்ள சிறு மீன்களை அழித்து வருகிறது. 1984-இல் மொனாக்கோவின் கடல் ஆராய்ச்சிக் காட்சிச்சாலை அருகே காணப்பட்ட அயல்நாட்டுக் கடற்பாசி ஒன்று மத்தியதரைக் கடலின் அடித்தளத்தில் பல இடங்களை மூடிற்று. ஆகவே மீனை மற்றொரு வளர்ப்பாளரிடமோ விற்ற கடைக்காரரிடமோ ஒப்படைக்க வேண்டும். கடலிலோ ஏரியிலோ விடுதல் கூடாது.

இத்தனையும் கேட்ட பின்னர், "நமக்கு இது ஒத்துவராது" என்று முடிவு செய்யும் அன்பர்களும் இருப்பர். அதுவும் நல்ல முடிவே. 2024 வரை போர்ட் பிளேர் என வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்தில் கடற்படையின் சமுத்திரிகா காட்சிச்சாலை உண்டு. வண்டூரில் 1983-இல் அமைந்த மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா உண்டு. மீனை அதன் வீட்டிலேயே சென்று பார்ப்பதைவிட எளிய பராமரிப்பு வேறில்லை.

தொட்டி வைப்போர் ஓராண்டுக்குள் ஓர் உண்மையைத் தாமே கண்டுகொள்வர். நீரின் வெப்பம் இரண்டு பாகை கூடினால் மீனின் மூச்சு விரைவதை அவர்கள் கண்ணாரக் காண்பர். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் அந்தமான் கடல் வழக்கத்தைவிடச் சூடேறியது. அப்போது பவளங்கள் தம்முள் வாழும் நுண்பாசிகளை இழந்து வெளுத்தன. அவற்றுள் பல மீளவில்லை. தொட்டி சூடேறினால் விசிறியை வைக்கிறோம்; நீர் கெட்டால் மாற்றுகிறோம். வண்டூருக்கு அப்பால் உள்ள கடலுக்கு அவ்விதம் மாற்று நீர் கிடையாது. ஆதலின் அதிலிருந்து ஒரு கல்லையும் எடுக்காமல், ஒரு சோடிப் பண்ணை மீனைப் பத்தாண்டு காத்து வளர்ப்பவரே கடலின் அருமையை அறிந்தவராவர்.